தாய்மாமன் மடியும் ஒழுகும் மூக்கும்

இந்த ஊரில் குழந்தைகளின் மூக்கை யாரும் துடைத்துவிடுவதில்லை. நெதர்லாந்துக்கு வந்த புதிதில் என்னை வாய்பிளக்க வைத்தது அதுதான். மழை தூறிக்கொண்டிருக்கும். சட்டைப் பொத்தான்கூடச் சரியாகப் போடாத பிள்ளை சைக்கிளின் முன்பக்கம் உட்கார்ந்திருக்கும். மூக்கிலிருந்து மேலுதடு வரைக்கும் இரண்டு கோடு பச்சையாக இறங்கியிருக்கும். ஓட்டிக்கொண்டு போகும் தாய் பாட்டுப் பாடிக்கொண்டு போவாள். என் மகள் ஓவியாவை க்ரெஷ் என்கிற பகல்நேரக் காப்பகத்தில் சேர்த்தபோது, அங்கே கைக்குழந்தைகளைத் தோட்டத்தில், கோழிக்கூண்டு மாதிரி ஒரு மரக்கட்டிலில், குளிர்காற்றில் தூங்கப் போட்டிருந்தார்கள். "சளி பிடிக்காதா?" என்று என் அரைகுறை டச்சில் கேட்டேன். "பிடிக்கும்" என்றாள் அங்கிருந்த பெண், சிரித்துக்கொண்டே. அடுத்து ஏதாவது சொல்லுவாள் என்று நின்றுகொண்டிருந்தேன். அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டிருந்தாள்.

ஹாய்ஸ்ஆர்ட்ஸ் என்று இங்கே ஒருவர் உண்டு. குடும்ப டாக்டர். நம் பிள்ளை இருமி இருமிக் கண் சிவந்து கிடக்கும்போது அவரிடம் போனால், காதைப் பார்ப்பார், நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்பார், "சளிதான், தண்ணீர் கொடுங்கள், பாராசிட்டமால் கொடுங்கள், மூச்சு வாங்கினால் வாருங்கள்" என்று எழுந்து கைகொடுத்து அனுப்பிவிடுவார். கடலூரில் ஒரு டாக்டர் இப்படி வெறுங்கையோடு அனுப்பினால் மறுநாள் அவர் கிளினிக் வாசலில் ஈ ஓட்ட வேண்டியதுதான். பக்கத்து வீட்டு மரேய்க்கே, இரட்டைப் பிள்ளைகளின் தாய், ஓவியாவின் இருமலைச் சுவர் வழியாகக் கேட்டுவிட்டு ஒருநாள் ஒரு தட்டில் பெரிய வெங்காயத்தை நறுக்கி எடுத்துக்கொண்டு வந்தாள். "உன் மகளுக்கு" என்றாள். நல்ல மனுஷி, சமையலுக்கு உதவுகிறாள் என்று நினைத்து அதை வதக்கிச் சாம்பாரில் போட்டுவிட்டேன். மறுநாள் "பலன் இருந்ததா?" என்று கேட்டாள். "ரொம்ப ருசி" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையின் அர்த்தம் பிறகுதான் தெரிந்தது. நறுக்கிய வெங்காயத்தைப் பிள்ளையின் கட்டில் பக்கத்தில் வைத்துவிடுவது இவர்களுடைய சளி வைத்தியமாம்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்வது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா வம்பும் அங்கேதான் ஆரம்பித்தது. கடலூர் பழைய டவுனில் ஒரு மீன்வலைக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். என் மனைவி கவிதா கம்ப்யூட்டர் படித்தவள். 2005-இல் அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது, அவளோடு நான் வந்தேன். மறுவருஷம் ஓவியா பிறந்தாள். கவிதா ஆபீசுக்குப் போனாள், நான் இடுப்பில் பிள்ளையும் கையில் கரண்டியுமாக நின்றேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த கற்பூரவல்லிக் கிளை ஹீட்டர் பக்கத்துத் தொட்டியில் காடு மாதிரி தழைத்தது. அந்த இலையை அனலில் வாட்டிப் பிழிந்து சாறெடுத்துத் தேனில் குழைத்துக் கொடுப்பேன். ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து மூக்குக்குப் பக்கத்தில் காட்டுவேன். பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் மிளகு ரசத்தில் சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டுவேன். கடலூரில் பிள்ளை வளர்ந்த எந்த வீட்டிலும் செய்கிற வைத்தியம்தான். ஆண்பிள்ளை செய்கிறான் என்பது மட்டும்தான் புதுசு.

அந்தப் புதுசு என் மச்சானுக்குப் பொறுக்கவில்லை. குமரவேல் என்று பெயர், கவிதாவின் ஒரே அண்ணன். சிதம்பரம் வடக்குவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். கவிதாவுக்கு அப்பா அம்மா இல்லை, அதனால் தாய்வீடு என்றால் அவர் வீடுதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கம்ப்யூட்டர் கேமராவில் பேசுவோம். எங்கள் மூன்று பேர் முகத்தில் அவர் கண்ணுக்குத் தெரிவது ஓவியாவின் மூக்கு மட்டும்தான்.

"என்னா மாப்ள, புள்ளைக்கு மறுபடியும் மூக்கு ஒழுவுது?"

"பல்லு மொளைக்குது மச்சான். குளிர் காலம் வேற."

"பல்லு இல்ல மாப்ள, பாக்குற ஆளு சரியில்ல. மூக்கச் சிந்தி உடக்கூடவா தெரியல? கவிதா, நீ பாட்டுக்கு ஆபீஸ் ஆபீஸ்னு ஓடு. இங்க எங்க கையில உட்டா புள்ள எப்படி இருக்கும்னு பாரு."

கவிதா சிரித்து மழுப்புவாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். மச்சானுக்குப் பின்னால் அவர் மனைவி உமா அக்கா நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பாவம், உங்கள் மச்சானுடைய ஏக்கம் அப்படி, நீங்கள்தான் அனுசரித்துப் போக வேண்டும் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். அனுசரித்துப் போகலாம், என் பிள்ளையைக் கொடுத்தா அனுசரிப்பது?

2008 தை மாதம் ஓவியாவுக்குக் காதுகுத்து வைத்தார் மச்சான். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயில். பத்திரிகை, பந்தல், சாப்பாடு எல்லாம் அவரே. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு மொட்டையடித்து, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்த மடி அவருடைய உரிமை, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பனி இறங்கிக்கொண்டிருக்கும் தை மாத விடியற்காலை. விமானத்தில் வந்த அலுப்பு தீராத பிள்ளை. மொட்டையடித்த தலையில் கோயில் கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள். "வெந்நி வெச்சுக் குளிப்பாட்டலாம் மச்சான்" என்றேன். "சாமி காரியத்துல வெந்நியா? நீ என்னா மாப்ள, வெள்ளைக்காரன் மாதிரி பேசுற" என்றார். அதோடு விட்டார்களா? ஈரம் காயாத மொட்டையில் சந்தனத்தைக் குழைத்து மெழுகினார்கள். குளிர்ச்சிக்குப் பூசுகிற சந்தனம், அந்தப் பனியில். பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. காது குத்தும்போது கத்தின கத்தலில் உள்ளே போன குளிர்காற்று சாயங்காலத்துக்குள் வேலையைக் காட்டிவிட்டது. நெஞ்சு கர்கர் என்று சத்தம் போட்டது.

இப்போதும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் அடங்கவில்லை. சளியைப் பிடிக்க வைத்தவர் அவர். பழி யார் தலையில் விழுந்தது தெரியுமா? பந்தியில் சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு மச்சான் சபையில் பேசுகிற மாதிரி தொண்டையைச் செருமினார். "பாருங்க, அந்த ஊருக் குளிரு புள்ள நெஞ்சுல போயி உக்காந்துருக்குது. பொண்டாட்டி சம்பாரிக்க, மாப்ள ஊட்ல இருந்து புள்ளைய வளக்குறாராம். வளத்த லட்சணத்தப் பாருங்க. தாய்மாமன் நான் சொல்றேன், புள்ள தேறுற வரைக்கும் எங்ககிட்ட இருக்கட்டும்." பந்தியில் நாலைந்து பேர் சிரித்தார்கள். யாரோ ஒருவர் "அதான் சரி" என்றார். தாய்மாமன் பிள்ளையைத் தன் மடியில் வைத்துச் சொன்ன சொல்லைச் சபையில் மறுத்தால் அது வெட்டுக்குத்தாகிவிடும். நான் கவிதாவைப் பார்த்தேன். அவள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சளியப் புடிக்க வெச்சதே உங்கண்ணன்தான்" என்றேன், அறைக்குள் போன பிறகு.

"எனக்குத் தெரியாதா? ஆறு மாசம்தானே. புது ப்ராஜெக்ட் வேற ஆரம்பிக்குது. அண்ணி நல்லாப் பாத்துப்பாங்க."

"நான் நல்லாப் பாத்துக்கலையா?"

அவள் பிள்ளையின் துணிகளைத் தனியாக மடித்து வைக்க ஆரம்பித்தாள். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவளிடமே சொல்லியிருக்கிறேன், அதனால் இங்கே எழுதுவதில் தப்பில்லை.

பிள்ளை இல்லாமல் திரும்பி வந்தோம். பகலில் வீட்டில் எனக்கு வேலையே இல்லை. தொட்டியில் கற்பூரவல்லி வாசனை வீசிக்கொண்டு நின்றது, பறிக்க ஆளில்லை. மரேய்க்கே படிக்கட்டில் பார்த்து, "மகள் எங்கே?" என்று கேட்டாள். "இந்தியாவில், என் மனைவியின் அண்ணனிடம்" என்றேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மணவிலக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை, சளி என்றேன். அவளுக்குப் புரியவில்லை. சளி பிடித்ததற்காகப் பிள்ளையைக் கடல் தாண்டி விட்டுவிட்டு வருவதை எனக்குத் தெரிந்த டச்சில் எப்படி விளக்குவது? நன்றாகத் தெரிந்த தமிழிலேயே எனக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சான் கேமராவை வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தார். உமா அக்கா வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி, விளக்கு அனலில் வாட்டி, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு ஓவியாவின் நெஞ்சில் ஒட்டுவார். சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போடுவார். தலை குளித்தால் சாம்பிராணி. அவர் பாட்டுக்கு அமைதியாகத்தான் செய்வார். வாய் எல்லாம் மச்சானுக்கு. "பாத்துக்க மாப்ள, நல்லாப் பாத்துக்க. இதெல்லாம் பொம்பளைங்க கையால செய்யணும். நீ கரண்டி புடிச்சா சளி போயிடுமா?" சொல்லிவிட்டுக் கடகடவென்று சிரிப்பார். ஆறு மாதம் ஆயிற்று, மழைக்காலம் போகட்டும் என்றார். மழைக்காலம் போயிற்று, பனி போகட்டும் என்றார். பனி போயிற்று, அம்மை வருகிற காலம் என்றார். ஒரு ஞாயிறு ஓவியா விளையாடிக்கொண்டிருந்தவள் தடுக்கி விழுந்து, "அம்மா" என்று அழுதுகொண்டே உமா அக்காவிடம் ஓடினாள். கேமராவுக்கு இந்தப் பக்கம் கவிதா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள். "சின்னப் புள்ளதானே, போகப் போகச் சரியாயிடும்" என்றார் மச்சான், பெருமையை மறைக்காமல். கவிதா எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெளியே வந்து, "போய்க் கூட்டிட்டு வா" என்றாள்.

நான் போனது ஐப்பசி அடைமழையில், 2009-இல். வேண்டுமென்றேதான் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். சிதம்பரத்தில் தெருவெல்லாம் தண்ணீர். வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போனேன். கல்யாணச் சீர் எடுக்க வந்த கூட்டம் கடை நிறைய உட்கார்ந்திருந்தது. கல்லாப் பக்கத்தில் ஒரு கவிழ்த்த அண்டாமேல் ஓவியா உட்கார்ந்து கரண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கடவுள் இருக்கிறார் என்று எனக்கு அந்த நிமிஷம் நம்பிக்கை வந்தது. பிள்ளைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டு கோடு, மேலுதடு வரைக்கும்.

"வாங்க மாப்ள, ஒரு போன்கூடப் பண்ணாம..." என்று மச்சான் எழுந்தார்.

"என்னா மச்சான், புள்ளைக்கு மூக்கு ஒழுவுது?" என்றேன். கடை முழுக்கக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். "ஹாலந்துக் குளிரு வடக்குவீதி வரைக்கும் வந்துருச்சா? இல்ல, பாக்குற ஆளு சரியில்லையா?"

"மழைக்கு லேசா..."

"மூக்கச் சிந்தி உடக்கூடவா தெரியல உங்களுக்கு?"

சீர் எடுக்க வந்தவர்களில் ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மச்சானின் முகம் சுண்டிப்போயிற்று. அந்த முகத்தைப் பார்ப்பதற்காக நான் ஒன்றே முக்கால் வருஷம் காத்திருந்தேன். சபையில் வாங்கியதைச் சபையில் திருப்பிக் கொடுத்தேன். நிறைவாக இருந்தது. இல்லை என்று சொல்லி நல்ல பேர் வாங்க எனக்கு இஷ்டமில்லை.

"சளி தேறட்டும் மாப்ள, அப்பறம் கூட்டிக்கிட்டுப் போ" என்றார் இறங்கிய குரலில்.

"சளியோடதான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

மறுநாள் கார் வாசலில் நிற்கும்போது உமா அக்கா ஒரு மஞ்சள் பை கொண்டுவந்தார். சுக்கு, சித்தரத்தை, அதிமதுரம், வசம்பு, ஓமம், எல்லாம் தனித்தனிப் பொட்டலம். "இருமல் வந்தா இத இழச்சுக் குடுங்க தம்பி" என்றார். நான் பையைத் திருப்பி அவர் கையிலேயே கொடுத்தேன். "எங்க ஊர்ல டாக்டர் இருக்காருக்கா" என்றேன். ஓவியா அவர் புடவையை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சென்னை விமான நிலையம் வரைக்கும் "அம்மா, அம்மா" என்று அழுதுகொண்டே வந்தது பிள்ளை. குறிஞ்சிப்பாடி தாண்டும்போது டிரைவர் திரும்பிப் பார்த்து, "அம்மா வரலையா சார்?" என்று கேட்டார். ரோட்டப் பாத்து ஓட்டுங்க என்றேன்.

வந்ததும் நான் செய்த முதல் வேலை, கேமராவைக் கழற்றி அலமாரியில் வைத்தது. கெட்டுப்போய்விட்டது என்று மச்சானிடம் சொன்னேன். வாங்கலாமே என்றார். வாங்கலாம் என்றேன். மூன்று வருஷமாக வாங்கிக்கொண்டே இருக்கிறேன். போன் வந்தால் நான் எடுப்பேன். "புள்ள எப்படி இருக்கு?" "மழையில சைக்கிள் ஓட்டுது மச்சான்." "குளிருல வெளிய உடாத." "பனிக்கட்டி மேல சறுக்கி வெளையாடுது மச்சான்." அந்தப் பக்கம் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்கும்போது எனக்கு வயிறு குளிரும். வெற்றிலை, சுக்கு, சிதம்பரத்திலிருந்து வந்த எந்த வைத்தியமும் என் வீட்டுக்குள் நுழையக்கூடாது என்று சட்டம் போட்டேன். ஓவியாவுக்குச் சளி பிடித்தால் வெங்காயத்தை நறுக்கிக் கட்டிலடியில் வைத்தேன். ஆமாம், மச்சானை வெறுப்பேற்றுவதற்காக டச்சுக்காரனாகவே மாறினேன். ஓவியாவும் மாறினாள். தமிழ் கேட்டால் புரியும், பதில் டச்சில் வரும். மூக்கு ஒழுகினால் சட்டைக்கையால் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு ஓடிவிடுவாள்.

இந்த வருஷம் பனி முடிகிற சமயத்தில் அவளுக்கு இருமல் விடவே இல்லை. ஹாய்ஸ்ஆர்ட்ஸ் மூன்று முறை கைகொடுத்து அனுப்பிவிட்டார். வெங்காயம் மாற்றி மாற்றி வைத்ததில் வீடு ஓட்டல் மாதிரி நாறியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கவிதா, எனக்குத் தெரியாமல் தமிழ்க் கடையில் வாங்கிவைத்திருந்த வெற்றிலையை எடுத்து மேஜைமேல் போட்டாள். "உங்க ரெண்டு பேரு சண்டைய நீங்களே வெச்சுக்கங்க. எவ்ளோ சூடு காட்டணும்னு அண்ணிகிட்டக் கேக்கப் போறேன்" என்றாள். லேப்டாப்பைத் திறந்தாள். அதற்குள்ளேயே கேமரா இருக்கிற காலமாகிவிட்டது, நான் கழற்றி ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. அழைப்பு போய்க்கொண்டிருக்கும்போதே, "எண்ணெய எடுத்துட்டு வரேன், பிடி" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓவியா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மச்சான் வருவார் என்று நான் தயாராக இருந்தேன். வார்த்தைகூட யோசித்து வைத்திருந்தேன். ஆனால் திரையில் வந்தது உமா அக்கா. கடையில் ஆள் இல்லை, மச்சான் அங்கே போயிருக்கிறார் என்றார். தலை முன்பக்கம் நரைத்திருந்தது. என்னிடம் அவ்வளவுதான் பேசினார், அதற்குள் ஓவியாவைப் பார்த்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "வளந்துட்டாளே" என்றார். "இருமுதா கண்ணு?"

ஓவியா அவரை உற்றுப் பார்த்தாள். சட்டைக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பி, "பாப்பா, வீ இஸ் டாட்?" என்றாள். அப்பா, அது யாரு?

"என்னா சொல்லுது புள்ள?" என்றார் உமா அக்கா. முகத்தைத் திரைக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவந்து, காதைத் திருப்பிக் காட்டினார். "எனக்கு அந்தப் பாஷை தெரியாது தம்பி. என்னா கேக்குது என்கிட்ட?"

ஒரு பிள்ளை தன்னை வளர்த்தவரைப் பார்த்து யார் என்று கேட்க வேண்டும். மூன்று வருஷமாக நான் பாடுபட்டது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். மச்சான் மட்டும் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் ஒரு எழுத்து குறைக்காமல் தமிழில் சொல்லியிருப்பேன், சத்தியமாக. ஆனால் பழி வாங்க வேண்டிய ஆள் கடைக்குப் போயிருந்தார், பழி இவர் மேல் வந்து விழுந்திருந்தது.

"நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேக்குறாக்கா" என்றேன்.

உமா அக்காவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "நல்லா இருக்கேன்னு சொல்லு தம்பி. நான் நல்லா இருக்கேன், நீதான் உடம்பப் பாத்துக்கணும்னு சொல்லு. மறக்காம இருக்குதே" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஓவியா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. "வீ இஸ் டாட், பாப்பா?" அத்தை என்று சொல்லலாம், அதுதான் முறை. அவள் ஒருகாலத்தில் அவரை என்னவென்று கூப்பிட்டாள் என்பதையும் சொல்லலாம். அந்தச் சொல்லுக்கு உரியவள் அடுப்படியில் விளக்கெண்ணெயைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் டச்சில் ஆரம்பித்து நிறுத்தினேன், தமிழில் ஆரம்பித்தும் நிறுத்தினேன். திரைக்குள்ளிருந்து அவரும் போர்வைக்குள்ளிருந்து இவளும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.